எரிமலையா, கடலடியா? நீலகிரி மலையைப் பற்றி என்னிடம் கேட்பவை

கோத்தகிரிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சித்திரை பிறந்தால் போதும், கீழ்நாட்டில் இருக்கும் சொந்தபந்தம் எல்லாம் குளிருக்கு மேலே ஏறி வந்துவிடும். வந்து டீ குடித்துக்கொண்டே ஆரம்பிப்பார்கள்: "மாமா, இந்த மலை..." பழைய மாணவர்கள், டாக்ஸி ஓட்டும் தம்பிகள், பக்கத்து ஹட்டிக்காரர்கள் (ஹட்டி என்றால் படுகர் ஊர்) என்று யார் கேட்டாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

"சார், இது பழைய எரிமலைதானே? ஊட்டி ஏரிதான் அதோட வாயாமே?"

இல்லை. ஊட்டி ஏரி 1820களில், கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் ஓடைக்குக் கரை போட்டுத் தேக்கிய தண்ணீர். அதற்கு முன்னால் அந்த இடம் சதுப்புப் பள்ளம். மலை முழுக்கத் தேடினாலும் எரிமலை வாய் கிடைக்காது, லாவா ஓடி உறைந்த அடுக்கும் கிடைக்காது. லாவா பார்க்க ஆசையென்றால் மகாபலேஷ்வர் போங்கள். அங்கே மலையே லாவாதான், தோசையை அடுக்கினாற்போல் அடுக்கடுக்காக இருக்கும்.

சில ரோட்டு வெட்டுகளில் பாறைக்கு நடுவே கறுப்பாக ஒரு பட்டை சுவர் மாதிரி ஓடும். அதைக் காட்டி "இதோ லாவா" என்பார்கள். அது பூமிக்குள்ளேயே விரிசலில் புகுந்து உறைந்த பாறைக்குழம்பு. மலை உருவானதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"எரிமலை இல்லன்னா, அப்போ இது எப்படித்தான் மலையாச்சு?"

இந்தக் கேள்விக்கு வகுப்பில் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வேன். இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்.

தொட்டபெட்டா சிகரத்தில் நீங்கள் நிற்கும் பாறை மேலே உருவானதே இல்லை. பூமிக்கு அடியில் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில், 700, 800 டிகிரிச் சூட்டில், தலைக்கு மேல் இருந்த பாரத்தில் நசுங்கி வெந்து உருவானது. அதற்கு மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மழையில் கரைந்து, காற்றில் தேய்ந்து, ஆற்றோடு கடலுக்குப் போய்விட்டது. பரிசலில் ஏற்றிய மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினால் பரிசல் மெல்ல மேலே எழும்புகிறதல்லவா, பூமியின் மேலோடும் அப்படித்தான். பாரம் குறையக் குறைய அடியில் கிடந்தது மேலே வந்தது.

அது மட்டும் என்றால் கோயம்புத்தூரும் மலையாகியிருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். நியாயம்தான். நீலகிரிக்கு வடக்கே மோயாறு, தெற்கே பவானி. இந்த இரண்டு ஆறுகளும் சும்மா ஒரு பள்ளம் பார்த்து ஓடவில்லை. அந்த இரண்டு கோடுகளிலும் பூமியின் மேலோடு முன்னொரு காலத்தில் நகர்ந்து, உரசி, பாறையை அரைத்துப்போட்டிருக்கிறது. அரைபட்ட பாறையை ஆறு எளிதாக அறுத்துக்கொண்டு போனது. நடுவில் மாட்டிய கெட்டியான கட்டி உயர்ந்து நின்றுவிட்டது. வடகிழக்கு ஓரத்துப் பாறைகள் தென்மேற்கில் உள்ளவற்றைவிட அதிக ஆழத்திலிருந்து வந்தவை என்று கண்டறிந்திருக்கிறார்கள். கட்டி கொஞ்சம் சாய்ந்தே மேலே வந்திருக்கிறது.

"எத்தனை வருஷம் பழசு? இமயமலையை விடவா?"

பாறையின் வயது வேறு, மலையின் வயது வேறு. இதைப் பிரித்துக்கொள்ளாததால்தான் குழப்பமே. பாறைக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். இமயமலை எழத் தொடங்கியது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அந்த வகையில் இமயமலை நம் பாறைக்குக் கொள்ளுப்பேரன்கூட ஆகாது.

ஆனால் பாறை அத்தனை பழசு என்பதால் மலையும் அன்றிலிருந்தே இப்படி நிமிர்ந்து நின்றது என்று அர்த்தமில்லை. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்வை அந்தப் பிரிவோடு சேர்த்துப் பேசுபவர்கள் உண்டு, அதற்கும் பிந்தியது என்பவர்களும் உண்டு. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

"ஒரு காலத்துல இது கடலுக்கு அடியில இருந்துச்சாம். சங்கு, சிப்பி கிடைக்குமா?"

அரியலூர்ப் பக்கம் போனால் சிப்பி கிடைக்கும். இங்கே கிடைக்காது. நம் பாறை வெந்த காலத்தில் உலகத்தில் சங்கே கிடையாது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான். அப்படியே ஏதாவது இருந்திருந்தாலும் மேலே சொன்ன சூட்டில் மிஞ்சியிருக்காது.

"சார்னோக்கைட், சார்னோக்கைட்னு சொல்றாங்களே, அது எந்தக் கல்லு? பார்த்தா தெரியுமா?"

தெரியும். மேலே சொன்ன நம் மலைப் பாறைதான் அது. நாம் கருங்கல் என்று வாசற்படிக்கும் அம்மிக்கும் எடுப்பதில் பாதி அதுதான். பழைய கல்லைப் பார்த்தால் வெளியே வெறும் பழுப்பு, சாம்பல். சுத்தியலால் ஒரு முனையைத் தட்டி உடைத்துப் பாருங்கள். விளிம்பில் துரு நிறத்தில் ஒரு தோல், உள்ளே கரும்பச்சை. எண்ணெய்க் கையால் தொட்டது போல ஒரு பிசுபிசுப்பான மினுக்கம். குவார்ட்ஸ் வெள்ளையாக இல்லாமல் லேசாக நீலம் பாய்ந்திருக்கும். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் ஆங்காங்கே மாதுளை முத்தின் துணுக்கு மாதிரி சிவப்புப் பொட்டு தெரியும். அது கார்னெட். என் மேசையில் பேப்பர் பறக்காமல் வைத்திருப்பதும் இந்தக் கல்தான்.

பெயர்க் கதை வேடிக்கையானது. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறை இருக்கிறது. அதன் மேல் போட்ட கல்லைப் பார்த்த தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893ல் அந்தப் பாறைக்கு அவர் பெயரையே வைத்தார். கல் போனது எங்கிருந்து என்கிறீர்கள்? சென்னை பல்லாவரத்திலிருந்து. ஆக, பல்லாவரத்துக் கல்லுக்கு வங்காளத்தில் புதைந்தவர் பெயர். பல்லாவரக்கல் என்றே வைத்திருக்கலாம், யார் கேட்டார்கள்.

"கல்லு கறுப்பு, பச்சைங்கறீங்க. மண்ணு மட்டும் ஏன் இவ்வளவு சிவப்பு?"

அதே கல்தான் மண்ணாகியிருக்கிறது. கல்லில் இரும்பு உண்டு. மழையும் ஈரமும் லட்சக்கணக்கான ஆண்டுகள் ஊறினால் கரையக்கூடியதெல்லாம் கரைந்து போய்விடும், இரும்பும் அலுமினியமும் மிஞ்சும். இரும்பு துருப்பிடித்தால் என்ன நிறமோ அதுதான் மண்ணின் நிறம். மேட்டுப் பகுதிகள் சிலவற்றில் இது முற்றிப்போய்ச் செம்புரைக்கல்லாகவும் அலுமினியத் தாதுவான பாக்சைட்டாகவும் மாறியிருக்கிறது.

இந்தச் சிவப்புத் தோல் சில இடங்களில் ஆளுயரம்தான், சில இடங்களில் முப்பது, நாற்பது மீட்டர்வரை போகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மண்சரிவுக் கேள்விக்கு வேண்டும்.

"தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல உருண்டை உருண்டையா பாறை கிடக்கே, யாரு உருட்டிவிட்டது?"

யாரும் உருட்டவில்லை, பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பாறையில் குறுக்கும் நெடுக்கும் விரிசல்கள் உண்டு. விரிசல் வழியே தண்ணீர் இறங்கி, ஒவ்வொரு கட்டியையும் மூலையிலிருந்து அரிக்கும். சதுரக் கட்டியை மூலை மூலையாகத் தின்றால் உருண்டைதானே மிஞ்சும்! சுற்றியிருந்த மக்கிய மண் மழையில் போனதும் உருண்டை தனியாக வெளியே வந்துவிடும். வெங்காயம் மாதிரி தோல் தோலாக உரிவதைக் குன்னூர் ரோட்டு வெட்டில் பார்க்கலாம்.

"தொட்டபெட்டாதானே சவுத் இந்தியாலயே உசரம்?"

தமிழ்நாட்டில்தான் முதலிடம், 2,637 மீட்டர். தென்னிந்தியாவில் கேரளத்து ஆனைமுடிதான் உசத்தி, 2,695 மீட்டர். பெயரைப் பொறுத்தவரை தொட்ட என்றால் பெரிய, பெட்டா என்றால் மலை. படுகு பேசுகிறவர்களைக் கேட்டால் இதைச் சொல்ல ஒரு நொடி ஆகாது.

"மேல ஏறி வந்தா ஒரே ஏத்த இறக்கமா இருக்கே தவிர கூம்பா ஒண்ணும் இல்லையே? மலைன்னா கூம்பாத்தானே இருக்கணும்?"

இதுதான் நீலகிரியின் விசேஷம். இது ஒரு சிகரம் இல்லை, மேசை. நாலாபுறமும் செங்குத்தாக ஏறி, மேலே வந்ததும் அலையலையாகப் பரந்து கிடக்கிறது. முன்பு சொன்ன மாதிரி மொத்தக் கட்டியாக உயர்ந்ததால் பழைய தேய்ந்த நிலத்தையும் தலையில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஓரங்களை மட்டும் ஆறுகள் கடித்துக்கொண்டிருக்கின்றன.

புரியவில்லை என்றால் மலை ரயிலில் ஏறுங்கள். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கல்லாறு வரை சாதாரணமாகப் போகும். கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான் பல்சக்கரம், சில இடங்களில் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம். குன்னூர் தாண்டினால் பல்சக்கரம் வேண்டாம், சாதாரணத் தண்டவாளமே போதும். பல்சக்கரம் முடிகிற இடத்தில் மேசையின் விளிம்பில் கால் வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். 1899ல் குன்னூர் வரை வந்த ரயில் ஊட்டியைத் தொட்டது 1908ல்.

மின்சாரத்துக்கும் இந்த விளிம்புதான் மூலதனம். 1930களில் வந்த பைக்காரா மின் திட்டத்தில் மேலே தேக்கிய தண்ணீரைக் குழாயில் 900 மீட்டருக்கு மேல் கீழே சிங்காராவுக்கு இறக்கினார்கள். மேசை இல்லாவிட்டால் தண்ணீரைத் தேக்க இடமில்லை, விளிம்பு இல்லாவிட்டால் விழ இடமில்லை.

"நீலகிரின்னு பேரு வந்தது யூகலிப்டஸ் புகையாலதானே?"

யூகலிப்டஸ் இங்கே வந்தது 19ஆம் நூற்றாண்டில், ஆஸ்திரேலியாவிலிருந்து. பெயரோ அதற்கு ஏழு நூற்றாண்டுகளாவது மூத்தது. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களை அச்சுறுத்தியதாகவும் நீலமலையைப் பிடித்ததாகவும் 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. கல்வெட்டு இருப்பது சாமராஜநகரில். அதற்கும் முன்னால் சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் வடக்கே போகும் வழியில் நீலகிரி அடிவாரத்தில் தங்குகிறான். அது நம் நீலகிரிதானா என்று வாதம் செய்பவர்கள் இருக்கட்டும், பெயர் பழசு என்பதில் வாதமில்லை.

நீலம் எதனால் என்றால் குறிஞ்சி என்பார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது, 2006லும் 2018லும் பூத்தது. எனக்கென்னவோ அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்று தோன்றுகிறது. மழை விட்ட மறுநாள் காலையில் அன்னூர்ப் பக்கமிருந்து பார்த்தால் எந்தத் தூரத்து மலையும் நீலம்தான்.

"ஊட்டியைக் கண்டுபிடிச்சதே வெள்ளைக்காரன்தானே?"

காணாமல் போயிருந்தால்தானே கண்டுபிடிக்க? தோடர் மந்துகளும் கோத்தர் ஊர்களும் படுகர் ஹட்டிகளும் குறும்பர், இருளர் குடியிருப்புகளும் இங்கே இருக்கும்போதுதான் சல்லிவன் வந்தார். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவர், 1819ல் கோத்தகிரி வழியாக ஏறினார். கன்னேரிமுக்கில் அவர் பங்களா இப்போதும் இருக்கிறது. ஊட்டியில் கல் பங்களா அதற்குப் பிறகு. அவருக்கும் 200 ஆண்டுகளுக்கு முன்னால், 1603ல், பெனீசியோ என்ற இத்தாலியப் பாதிரியார் மலையாளக் கரையிலிருந்து ஏறி வந்து தோடர்களைச் சந்தித்திருக்கிறார்.

அதற்கும் பழசு வேண்டுமென்றால் கரிக்கையூர்ப் பக்கம் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. மலையுச்சிகளில் கல்வட்டம் போட்ட பழைய ஈமக்குழிகளும் உண்டு. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த ப்ரீக்ஸ் 1870களில் அவற்றைத் தோண்டி எடுத்த மண்பாண்டங்களிலும் வெண்கலக் கிண்ணங்களிலும் சில லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பானை மூடியின் மேல் எருமை, ஆள் என்று சின்னச் சின்ன உருவங்கள். நம் ஊர்ச் சாமான், பார்க்க விசா எடுக்க வேண்டும்.

"கோடநாடு வியூ பாயிண்ட்ல ஒரு கல் தூண் தெரியுதே, அது யாரோ நட்டதுதானே?"

ரங்கசாமி தூண். சுமார் 400 அடி உயரம், நட முடியுமா? உருண்டைப் பாறைக்குச் சொன்ன அதே விரிசல் கதைதான். இங்கே விரிசல்கள் நேர்க்குத்தாக இறங்கியிருக்கின்றன. பக்கத்துப் பாறைகள் விரிசலோடு பெயர்ந்து விழுந்துவிட, கெட்டியான ஒன்று மட்டும் தனியாக நிற்கிறது.

பக்கத்தில் ரங்கசாமி முடி, இருளர்கள் பூசை செய்யும் இடம். காரமடையில் இருந்த ரங்கநாதர் வீட்டு அம்மாவோடு கோபித்துக்கொண்டு இங்கே வந்து தனியாக உட்கார்ந்துவிட்டார் என்று கதை. அந்த இடத்தின் அமைதியைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

"முக்குருத்திக்கு மூக்கு எப்படி வந்துச்சு?"

முக்குருத்திச் சிகரம் சூர்ப்பனகையின் அறுபட்ட மூக்கு என்பது கதை. தோடர்களுக்கு அது இறந்தவர்கள் உலகத்துக்குப் போகும் வாசல். 2,554 மீட்டர் உயரம். கிழக்கே புல்வெளி சாய்வாக ஏறும், மேற்கே திடீரென்று நிலம்பூர்க் காட்டுக்குள் விழும். மேசையின் மேற்கு விளிம்பு அது. ஒருபக்கம் சாய்வு, ஒருபக்கம் வெட்டு என்றால் பக்கவாட்டில் பார்க்க மூக்காகத்தான் தெரியும்.

"கூடலூர்ல தங்கம் இருக்காமே? தோண்டினா கிடைக்குமா?"

இருக்கிறது, கட்டுப்படியாகாது. தேவாலா, பந்தலூர்ப் பக்கம் வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்புகளில் பொடித் தங்கம் உண்டு. உள்ளூர் மக்கள் ஓடை மணலை அலசிக் கொஞ்சம் எடுத்து வந்தார்கள். 1879 முதல் மூன்று ஆண்டுகள் பித்துப் பிடித்த மாதிரி லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. காட்டுக்குள் பங்களா, இயந்திரம், கடைத்தெரு எல்லாம் வந்தன. கல்லை அரைத்துப் பார்த்தால் சொன்னதில் ஒரு பங்குகூட வரவில்லை. கம்பெனிகள் கவிழ்ந்தன, பலர் அந்த நிலத்தில் காப்பியும் தேயிலையும் வைத்தார்கள். சுரங்கங்கள் மட்டும் இன்னும் வாயைத் திறந்து கிடக்கின்றன. உள்ளே போகாதீர்கள். திருட்டுத்தனமாகத் தோண்டப்போய் மண் மூடிச் செத்தவர்கள் உண்டு.

"மேல புல்வெளி மொட்டையா இருக்கே, மரத்தை வெட்டினதாலதானே?"

எல்லா மொட்டையும் வெட்டியதால் வந்ததல்ல. பள்ளங்களில் சோலை, மேட்டில் புல் என்பது இந்த மலையின் சொந்த ஏற்பாடு. சதுப்புகளில் மக்கிய கரிமண்ணைத் தோண்டி ஆராய்ந்ததில் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்தது தெரிந்தது. புல் தரிசு என்று நினைத்துச் சீகை (வாட்டில் மரம்), பைன், யூகலிப்டஸ் நட்டதுதான் நடந்த தவறு. இப்போது அதை அகற்றப் படாத பாடு படுகிறார்கள்.

"இவ்வளவு கெட்டியான கருங்கல் மலைன்னா ஏன் வருஷா வருஷம் சரியுது?"

சரிவது கல் இல்லை, கல்லின் மேலிருக்கும் தோல். சிவப்பு மண் கேள்வியில் சொன்ன அந்த முப்பது, நாற்பது மீட்டர். மழை நின்று பெய்யும்போது தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, அடியில் உள்ள கல்லைத் தாண்ட முடியாமல் அங்கேயே தேங்குகிறது. மண்ணின் எடை கூடுகிறது, துகள்களுக்கு இடையே தண்ணீர் முட்டி அவற்றின் பிடியைத் தளர்த்துகிறது. அப்புறம் ஒரு நாள் ராத்திரி மொத்தமாக இறங்குகிறது. மேலே சொன்ன உருண்டைகளும் கூடவே வரும், அவைதான் வீட்டை உடைப்பவை.

1978, 1979, 1993 என்று பெரிய சரிவுகள் நடந்திருக்கின்றன. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் அதே அளவு. அவலாஞ்சி என்ற பெயரே 19ஆம் நூற்றாண்டில் நடந்த ஒரு பெரிய சரிவால் வந்ததுதான். மலையை வெட்டி ரோடும் வீடும் போட்டு, சரிவின் காலடியை எடுத்துவிட்டால் சரிவு சீக்கிரம் வரும். பொக்லைனுக்குக் கட்டுப்பாடு வைத்திருப்பது இதனால்தான்.

"வீட்டுக்குப் பின்னாடி கெட்டியா தடுப்புச் சுவர் கட்டிட்டா போதுமா மாமா?"

போதாது. எனக்கே பாடம் கிடைத்தது. கொல்லையில் பத்தடி உயரத்துக்குக் கருங்கல் சுவர் கட்டினேன். மேஸ்திரியிடம் தண்ணீர் வெளியேற வரிசையாகக் குழாய் வைக்கச் சொல்லியிருந்தேன். ஆள் முன்பக்கம் அழகுக்கு நாலு வைத்துவிட்டுப் பின்னால் ஜல்லி போடாமல் மண்ணை அள்ளி மூடிவிட்டார். 2009 மழையில் மூன்றாம் நாள் சுவர் கர்ப்பிணி வயிறு மாதிரி முன்னால் தள்ளியது. விடியும்போது பாதி கொல்லையில் கிடந்தது. குழாய்க்குள் குச்சி விட்டுப் பார்த்தேன், ஒரு சாணுக்கு மேல் போகவில்லை, களிமண்.

சுவர் மண்ணை நிறுத்தும், தண்ணீரை நிறுத்தாது. சுவருக்குப் பின்னால் ஜல்லி, அடி முதல் உச்சிவரை துளைகள், மேலே மழைநீரைத் திருப்ப ஒரு வாய்க்கால், இந்த மூன்றும் வேண்டும். இயற்கையான ஓடைத் தடத்தை மட்டும் மூடவே கூடாது. பத்து வருஷம் வறண்டு கிடந்தாலும் அது ஓடைதான்.

"நிலநடுக்கம் வருமா?"

பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை, வரவே வராது என்றும் இல்லை. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூரை மையமாக வைத்து 6 ரிக்டர் அளவுக்கு ஒன்று வந்தது. மேலே சொன்னது போல மேலோடு உரசிய பழைய கோடுகள் எப்போதாவது முனகும்.

"ஞாபகத்துக்கு ஒரு கல்லு எடுத்துட்டுப் போகலாமா?"

காட்டுக்குள் எதையும் தொடாதீர்கள், கல்லானாலும் பூவானாலும். வனத்துறைச் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால் அசிங்கம். என் வீட்டுக்கு வாருங்கள், கொல்லையில் அந்தச் சுவரில் சரிந்த கற்கள் இன்னும் குவியலாகக் கிடக்கின்றன. சுத்தியல் வாசல் ஜன்னல் மேல் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு உடையுங்கள், சில்லு தெறிக்கும்.